புதுப்பிப்பு: மகளின் நாக்கு ஒட்டு, மூன்று வாரங்களுக்குப் பிறகு

12 நாள் மகள் மார்பைப் பற்றிய சில நொடிகளில் நழுவிவிடுகிறாள், காம்பு வெடித்து ரத்தம் கசிகிறது, நாக்கின் அடிச்சவ்வு குட்டையாக இருக்கிறது (இதைத்தான் நாக்கு ஒட்டு என்கிறார்கள்), வெட்டலாமா என்று கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

உடனே வெட்டவில்லை. தாய்ப்பால் ஆலோசகர் ஒருவர் அருகில் அமர்ந்து, பாலூட்டுவதை முழுவதும் பார்த்தார். அணைக்கும் முறையை மாற்றியும் குடிக்கும்போது எழும் 'டக் டக்' சத்தம் நிற்கவில்லை. எடையும் பிறந்த எடையைத் தொடவில்லை. பிறகுதான் மருத்துவர் கத்தரிக்கோலால் சவ்வை வெட்டினார். சில நொடி வேலை, இரண்டு சொட்டு ரத்தம். அங்கேயே பால் கொடுத்தேன், அழுகை அடங்கியது. மறுநாள் நாக்கின் அடியில் வெள்ளைத் திட்டைப் பார்த்துப் பதறிவிட்டேன். சீழ் அல்ல, புண் ஆறும்போது அப்படித்தான் இருக்கும் என்றார் மருத்துவர்.

என் வலி ஒரே நாளில் போய்விடவில்லை, ஒரு வாரம் பிடித்தது. இப்போது மகள் எடை ஏறுகிறாள்.

எல்லாக் குழந்தைக்கும் வெட்ட வேண்டுமா என்று கேட்டவர்களுக்கு: வேண்டாம். நாக்கு ஒட்டு உள்ள குழந்தைகளில் பாதிக்கும் குறைவானவர்களுக்கே பால் குடிப்பதில் சிரமம் என்கிறது அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகத்தின் 2024 அறிக்கை. வசம்பு தேய்க்கச் சொன்னவர்களே, சவ்வு அதனால் நீளாது. தயவுசெய்து குழந்தையின் வாயில் வைக்காதீர்கள்.

இது குடும்பவழியிலும் வரும் என்றதும் கணவரை நாக்கை நீட்டச் சொன்னேன். நுனி இதய வடிவில் மடிந்து, கீழ்ப்பற்களைத் தாண்டவே இல்லை. பாயசம் குடித்ததும் உதட்டைத் துடைக்க அவர் கைக்குட்டை தேடுவதை இத்தனை வருடமாக வெறும் பழக்கம் என்றே நினைத்திருந்தேன்.