சிடியைக் கணினியில் ஏற்றினால் பாட்டுக்குள் 'டிக் டிக்' சத்தம். பெயர்களும் கட்டம் கட்டமாக வருகின்றன. உதவி தேவை

தாம்வே தம்பி:
எல்லாருக்கும் வணக்கம். அப்பா விட்டுப்போன சிடிகள் 140க்கு மேல் வீட்டில் இருக்கின்றன. பாதி தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் கையில் கொடுத்தவை. மீதி இங்கேயே ரங்கூனில் கடைகளில் வெற்றுச் சிடியில் பாட்டு எழுதி வாங்கியவை. மழைக்காலம் முழுக்க மரப்பெட்டியில் கிடந்ததால் சிலவற்றில் வெள்ளையாகப் பூசணம். கெட்டுப்போவதற்குள் கணினியில் ஏற்றிவிடலாம் என்று ஒரு வெளி டிரைவ் வாங்கினேன். லேப்டாப்போடு வந்த பிளேயரில் எம்பி3, பிட்ரேட் (நொடிக்கு எத்தனை கிலோபிட்) 192 என்று வைத்து முப்பது சிடி எடுத்தும் ஆயிற்று.

பிறகு கேட்டுப் பார்த்தால், நாதஸ்வரம் நன்றாக வந்துகொண்டிருக்கும்போதே நடுவில் 'டிக்', 'டிக்'. கடைசிப் பாட்டுகளில் அதிகம். ஆனால் பூசணமே இல்லாத புதுச் சிடியிலும் வருகிறது, அதுதான் புரியவில்லை.

இன்னும் இரண்டு சந்தேகம். பழைய ஹார்ட் டிஸ்க்கில் அப்பா வைத்திருந்த எம்பி3களில் பாட்டுப் பெயர் ஒன்றும் தமிழில் தெரியவில்லை. சிலவற்றில் கட்டம், சிலவற்றில் கேள்விக்குறி, சிலவற்றில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக ஏதோ இருக்கிறது. அடுத்தது, எல்லாவற்றையும் ஃபிளாக் என்ற ஒலிக்கோப்பு வகைக்கு மாற்றினால் தரம் கூடும் என்று நண்பன் சொல்கிறான். நிஜமா?

மார்கழி பிறக்க மூன்று வாரம்தான் இருக்கிறது. விடியற்காலையில் போட ஒரு பென்டிரைவ் தரச்சொல்லிக் கோயிலில் கேட்டிருக்கிறார்கள். அவசரம்.

பெகு 64:
முதலில் சிடியைத் துடையுங்கள். வட்டமாகத் துடைக்காதீர்கள், நடு ஓட்டையிலிருந்து விளிம்புக்கு நேராக இழுங்கள். வட்டக் கீறல் விழுந்தால் தடத்தின் போக்கிலேயே நீளமாக ஓடும், டிரைவால் சமாளிக்க முடியாது. குறுக்கே விழுந்த கீறலைத் தாண்டிவிடும். வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சொட்டு சோப்பு, மெத்தென்ற துணி, அவ்வளவு போதும். பற்பசை போட்டுத் தேய் என்பார்கள், கேட்காதீர்கள்.

கடைசிப் பாட்டில் அதிகம் வருவதற்கும் காரணம் உண்டு. சிடி உள்ளிருந்து வெளியே படிக்கப்படுவது. கடைசிப் பாட்டு விளிம்புப் பக்கம் இருக்கும். நாம் விரல் வைத்துப் பிடிப்பதும் அங்கேதான்.

மோல்மீன் அக்கா:
தம்பி, துடைப்பது சரி. ஆனால் அதற்கு முன்னால் ஒரு சோதனை செய். ஒரே பாட்டை இரண்டு தடவை எடு. இரண்டிலும் 'டிக்' ஒரே நொடியில் விழுகிறதா, இடம் மாறுகிறதா என்று பார்த்துச் சொல். ஒரே இடத்தில் விழுந்தால் பெரும்பாலும் சிடியில் கோளாறு, அல்லது பதிவிலேயே அந்தச் சத்தம் இருக்கிறது. இடம் மாறினால் டிரைவையோ கேபிளையோ பார்க்க வேண்டும்.

கணினியோடு வந்த பிளேயரில் எடுக்காதே. எக்ஸாக்ட் ஆடியோ காப்பி என்று சிடி எடுக்கும் மென்பொருள் இருக்கிறது, இலவசம்தான், விண்டோஸில் ஓடும். அதில் 'செக்யூர்' என்ற முறையை வைத்து, 'டெஸ்ட் அண்ட் காப்பி' கொடு. பாட்டை இரண்டு முறை படித்து, இரண்டுக்கும் ஒரு சரிபார்ப்பு எண் தரும். எண்கள் ஒன்றாக இருந்தால் நிம்மதி. லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு சிடிபாரனாயா இருக்கிறது.

ஏன் இவ்வளவு பாடு என்று கேட்பாய். சிடியில் ஒரு நொடிப் பாட்டு 75 துண்டாக இருக்கிறது, துண்டுக்கு 2352 பைட். கோப்பு எழுதிய சிடி என்றால் அதில் 2048 பைட்தான் சரக்கு, மீதியில் பெரும்பகுதி பிழை திருத்தத்துக்கு. அதனால் ஒரு படம் நகலெடுக்கும்போது படிக்க முடியாவிட்டால் 'முடியவில்லை' என்று நின்றுவிடும். பாட்டுச் சிடியில் 2352 பைட்டும் பாட்டுத்தான். அடியில் ஒரு திருத்த முறை இருக்கிறது. அதுவும் கைவிட்டால் டிரைவ் அக்கம்பக்கத்து எண்களைப் பார்த்து உத்தேசமாக இட்டு நிரப்பும், நம்மிடம் ஒன்றும் சொல்லாது. சாதாரண பிளேயருக்கும் அது தெரியாது. எல்லாம் முடிந்தது என்று பச்சை டிக் போட்டுவிட்டுப் போய்விடும்.

ஃபிளாக் பற்றி: கறந்த பால் மடி ஏறாது. எம்பி3 ஆக்கும்போது தூக்கிப் போட்ட சத்தம் ஃபிளாக்கில் திரும்பி வராது, கோப்பு மட்டும் பருக்கும். ஆனால் சிடியிலிருந்து நேராக எடுப்பதை ஃபிளாக்கில் எடு. அதில் ஒரு பிட் கூட இழப்பில்லை. ஒரு மணி நேரச் சிடி அப்படியே வைத்தால் சுமார் 635 எம்பி. ஃபிளாக்கில் ஏறத்தாழ அதில் பாதி, கொஞ்சம் கூடக் குறைய. உன் 140 சிடியும் 64 ஜிபிக்குள் அடங்கிவிடும். எம்பி3 வேண்டுமென்றால் அதிலிருந்து எத்தனை தடவையும் செய்துகொள்ளலாம், திரும்பச் சிடியைத் தொட வேண்டாம். ஃபிளாக்கில் 0 முதல் 8 வரை ஓர் எண் கேட்கும். அது தரம் இல்லை, எவ்வளவு இறுக்கி மடிப்பது என்பது மட்டும்தான். 5லேயே விட்டுவிடு.

எடுத்த முப்பதையும் திரும்ப எடுக்க வேண்டியிருக்கும். திட்டாதே.

தாம்வே தம்பி:
அக்கா, திட்டவில்லை, அழுதேன் :)

சோதித்துப் பார்த்தேன். புதுச் சிடியில் 3ஆம் பாட்டு. முதல் தடவை 1:12இல் 'டிக்'. இரண்டாம் தடவை 2:40இலும் 4:05இலும். எக்ஸாக்ட் ஆடியோ காப்பியில் செக்யூர் வைத்தால் ஒரு சிடிக்கு ஒன்றரை மணி நேரம் காட்டுகிறது, நடுவில் டிரைவே காணாமல் போய்த் திரும்ப வருகிறது. கரண்ட் வேறு நாலு மணி நேரம் இருந்தால் நாலு மணி நேரம் இல்லை. 'மீ பியெட்' (மின்வெட்டு) ஆனதும் பேட்டரியில் ஓட்டுகிறேன். டிரைவ் புதிது, கடைக்காரரிடம் கொண்டுபோய்க் கேட்டேன், சிடி சரியில்லை என்கிறார்.

மோல்மீன் அக்கா:
டிரைவ் காணாமல் போய் வருகிறதா? அதை எதில் செருகியிருக்கிறாய்?

தாம்வே தம்பி:
நாலு வாய் உள்ள யூஎஸ்பி ஹப்பில். லேப்டாப்பில் ஒரு வாய் வேலை செய்யாது, அதனால் மவுஸ், போன் சார்ஜர், டிரைவ் எல்லாம் ஹப்பில்தான்.

மோல்மீன் அக்கா:
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே தம்பி! சாதாரண யூஎஸ்பி 2 வாய் 500 மில்லி ஆம்பியர் தரும். மெல்லிய சிடி டிரைவ் சுழலத் தொடங்கும்போது அதற்கு மேலேயே கேட்கும். அந்த ஒரு வாயின் மின்சாரத்தை மவுஸும் போனும் பங்கு போட்டால் டிரைவுக்கு மயக்கம் வராமல் என்ன செய்யும்? ஹப்பைக் கழற்று. டிரைவை லேப்டாப்பில் நேராகச் செருகு. உள்ளே நீல நிறமுள்ள வாய் இருந்தால் அது பெரும்பாலும் யூஎஸ்பி 3, 900 மில்லி ஆம்பியர் வரை தரும். போனுக்குச் சார்ஜ் வேறு எங்காவது போடு. பேட்டரியில் ஓடும்போது லேப்டாப் மின்சாரத்தை மிச்சம் பிடிக்கப் பார்க்கும். கரண்ட் உள்ள நேரத்தில் மட்டும் எடு.

தாம்வே தம்பி:
அதேதான்! நேராகச் செருகினேன். அதே சிடி, செக்யூர் முறை, பதினோரு நிமிடம். இரண்டு எண்ணும் எல்லாப் பாட்டுக்கும் ஒன்றாக வருகின்றன. பூசணச் சிடிகளைப் பெகு அண்ணன் சொன்னபடி கழுவி எடுத்தேன், ஒன்பதில் ஏழு சுத்தமாக வந்துவிட்டன.

ஆனால் கடையில் எழுதிய சிடிகள் ஃபிளாக்கிலும் ஒரு மாதிரி தகரத்தில் கேட்பதுபோல இருக்கின்றன. சரிபார்ப்பு எண் சரியாகத்தான் இருக்கிறது.

பெகு 64:
ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் திறந்து, சத்தம் எந்த அதிர்வெண் வரை இருக்கிறது என்று படமாகக் காட்டும் ஸ்பெக்ட்ரோகிராம் காட்சியில் பாருங்கள். சிடியில் 22 கிலோஹெர்ட்ஸ் வரை சத்தம் இருக்க இடமுண்டு. உங்கள் பாட்டு 16இல் கத்தியால் வெட்டியதுபோல நின்றால், கடைக்காரர் தரம் குறைந்த 128 எம்பி3ஐத்தான் சிடியாக எழுதித் தந்திருக்கிறார். அந்தக் காலத்தில் ஊர் முழுக்க அப்படித்தான், அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. பழைய பதிவுகளில் மேல் சத்தம் இயல்பாகவே தேய்ந்து மறையும், அதை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். நேர்கோடாக வெட்டுப்பட்டிருக்கிறதா என்பதுதான் கணக்கு. அந்தப் பாட்டின் அசல் வேறு எங்காவது கிடைக்கிற வரையில் இதையே வைத்துக்கொள்ளுங்கள்.

மைக்செட்காரர்:
கோயில் பென்டிரைவ் பற்றி யாரும் பேசவில்லையே. முப்பது வருடமாகக் குழாய் கட்டுகிறேன், நான் சொல்கிறேன்.

கோயில் ஆம்பிளிஃபயரில் இருக்கிற பிளேயருக்கு ஃபிளாக் கிஃபிளாக் எல்லாம் தெரியாது. எம்பி3 கொடுங்கள். பென்டிரைவை ஃபேட்32 என்ற முறையில் ஃபார்மேட் செய்திருக்க வேண்டும். பிட்ரேட் நிலையாக இருக்கட்டும். மாறும் பிட்ரேட் போட்டால் சில மலிவுப் பிளேயர் நேரத்தைத் தப்பாகக் காட்டும். குழாய் ஸ்பீக்கருக்கு ஸ்டீரியோ எதற்கு? நாலு குழாயும் ஒரே சத்தம்தான். மோனோவில் 128 வைத்தாலே தாராளம்.

எல்லாரும் ஏமாறுவது வரிசையில்தான். 01, 02 என்று பெயர் வைத்தாலும் பல பிளேயர் பெயரைப் பார்க்காது. எது முதலில் பென்டிரைவில் ஏறியதோ அதை முதலில் பாடும். போன வருடம் ஒரு கோயிலில் விடியற்காலை நாலரைக்கு ஆரத்திப் பாட்டு முதலில் வந்து, குருக்கள் என்னை முறைத்தார். பென்டிரைவைச் சுத்தமாக ஃபார்மேட் செய்துவிட்டு ஒவ்வொன்றாக, வரிசையாகக் காப்பி செய்யுங்கள்.

சத்தம் ஒன்று கூடி ஒன்று குறைந்தால் எம்பி3கெயின் என்ற மென்பொருள் போதும். எம்பி3க்குள்ளேயே அளவைக் குறிக்கிற ஓர் எண் இருக்கிறது, அதை 1.5 டெசிபல் படியாக மாற்றும். திரும்ப என்கோட் செய்யாது, தரம் போகாது.

ஒன்று மறந்துவிட்டேன். விருத்தம் ஒரு டிராக், பாட்டு அடுத்த டிராக் என்று இருந்தால் இரண்டையும் சேர்த்து ஒரே எம்பி3 ஆக்கிவிடுங்கள்.

மோல்மீன் அக்கா:
ஐயா சொன்ன கடைசி விஷயம் முக்கியம். எம்பி3 ஒரு கட்டுக்கு 1152 ஒலி மாதிரி (சாம்பிள்) என்று கட்டுக்கட்டாகத்தான் எழுதும். முன்னாலும் பின்னாலும் கொஞ்சம் வெறுமை சேர்ந்துவிடும். விருத்தம் இழுத்து முடித்து மிருதங்கம் விழுகிற இடத்தில் ஒரு விக்கல் கேட்பது அதனால்தான். ஃபிளாக்கில் இந்தத் தொல்லை இல்லை. அதனால் ஃபிளாக்கிலேயே ஒட்டிவிட்டு அப்புறம் எம்பி3 ஆக்கு.

இனி பெயர் விவகாரம். மூன்றும் மூன்று நோய். கட்டம் தெரிந்தால் எழுத்து சரியாக இருக்கலாம், அந்தக் கருவியில் தமிழ் எழுத்துரு இல்லை. ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் தெரிந்தால் அப்பா யூனிகோடுக்கு முந்தைய பழைய தமிழ் எழுத்துருவில் தட்டியிருக்கிறார். நம் ஊரில் ஸோஜி என்ற பழைய பர்மிய எழுத்துருவில் எழுதியதை யூனிகோடு போனில் பார்த்தால் கந்தலாகத் தெரியுமே, அதே கதை. 2019 அக்டோபர் 1இல் நாடே யூனிகோடுக்கு மாறியபோது பட்ட பாடு நினைவிருக்கும். எழுத்துரு மாற்றியில் ஒட்டினால் பெயர் திரும்பக் கிடைக்கும். கேள்விக்குறி மட்டும் போனது போனதுதான். சேமிக்கும்போதே எழுத்து அழிந்துவிட்டது. கேட்டுத்தான் பெயர் எழுத வேண்டும்.

எழுதும்போது எம்பி3டேக் என்ற மென்பொருளில், பெயர்களை எம்பி3க்குள் வைக்கும் முறையான ஐடி3இல் 2.3, யூடிஎஃப்-16 என்று வை. 2.4 புதிதுதான், ஆனால் பல பழைய பிளேயருக்குப் புரியாது.

தாம்வே தம்பி:
அக்கா, ஐயா, அண்ணன், மூவருக்கும் நன்றி. பென்டிரைவ் முடிந்தது. நேற்று கோயிலில் போட்டுப் பார்த்தோம், வரிசை மாறவில்லை.

இன்னும் ஒரே ஒரு சிடி பாக்கி. கடையில் வெற்றுச் சிடியில் எழுதித் தந்தது. அதன் மேல் அப்பாவின் கையெழுத்தில் 'வீட்டில் பாடியது' என்று பால்பாயிண்ட் பேனாவில் இருக்கிறது. எட்டுப் பாட்டு. 7ஆவது மட்டும் வரவே மாட்டேன் என்கிறது. கீழ்ப்பக்கம் கண்ணாடி மாதிரி இருக்கிறது, ஒரு கீறல் இல்லை.

மோல்மீன் அக்கா:
மேல்பக்கத்தைப் பார், தம்பி. எல்லாரும் கீழ்ப்பக்கத்தைத்தான் பொத்திப் பொத்தி வைப்போம். சிடியின் உயிர் மேலே இருக்கிறது. தகவல் உள்ள படலத்துக்கு மேல் ஒரு மெல்லிய வார்னிஷ் பூச்சு, அவ்வளவுதான். பேனா முனை அழுந்தினால் படலமே நசுங்கும். விளக்குக்கு எதிரே தூக்கிப் பிடி, எழுத்து அழுந்திய இடத்தில் வெளிச்சம் ஊசிமுனையாகத் தெரிகிறதா?

தெரிந்தாலும் விட்டுவிடாதே. டிரைவுக்கு டிரைவ் கண் வேறு. பழைய மேசைக் கணினி யாரிடமாவது இருந்தால் அதன் டிரைவில், வேகத்தைக் குறைத்து வைத்து எடுத்துப் பார்.

தாம்வே தம்பி:
'யது' மேல் இரண்டு புள்ளி வெளிச்சம் தெரிந்தது அக்கா.

இன்செயினில் மாமா கடையில் பழைய கணினி ஒன்று இருந்தது. மிகக் குறைந்த வேகத்தில் வைத்தோம். ஒரு பாட்டுக்கு நாற்பது நிமிடம் ஆயிற்று, நடுவில் கரண்ட் போய் ஒரு தடவை முதலிலிருந்து. அறிக்கையில் சந்தேகமான இடம் என்று ஒன்றே ஒன்று வந்திருக்கிறது, இரண்டு நொடி. அந்த இடத்தில் கரகரவென்று இருக்கிறது. ஆடாசிட்டியில் வழித்துவிடலாம் என்றான் என் தம்பி, நான் வேண்டாம் என்றுவிட்டேன். பாட்டில் அந்தக் கரகரப்புக்குப் பிறகுதான் அம்மா பின்னாலிருந்து 'டீ ஆறுது' என்று கூப்பிடுவது கேட்கிறது.