மறு: ரெசிஸ்டோமுக்குத் தமிழ்ல என்ன? 'மருந்துமுறித்தொகை' சரிப்படுமா?

எல்லாருக்கும் வணக்கம்,

ரெசிஸ்டோம்னா ஒரு இடத்து பாக்டீரியா எல்லாத்துக்கிட்டயும் இருக்கிற, ஆன்டிபயாட்டிக் மருந்துக்கு அடங்காம இருக்க உதவுற ஜீன்களோட மொத்தம். அதுக்கு ஐயா நேத்து சொன்ன 'எதிர்ப்பு மரபணுத் தொகுதி' இலக்கணப்படி சரிதான், ஆனா அந்த 'எதிர்ப்பு' எனக்கு உறுத்துது. சிங்கப்பூர் ஈசூன்ல எங்க வீவக (அரசு அடுக்குமாடி வீடு) புளோக்குக் கீழ சமூகத் தோட்டம் இருக்கு, வெண்டிக்கா கத்திரிக்காவுக்கெல்லாம் கோழி எருதான் போடுறோம், அதுக்கு ஒரு பக்கம் தமிழ்ல குறிப்பு எழுதி, எருவால மண்ணு பாக்டீரியாவுல ஆன்டிபயாட்டிக் எதிர்ப்பு கூடலாம்னு வாசிச்சுக் காட்டினேன், ஒரு ஆச்சி உடனே "எதிர்ப்பு சக்தி கூடினா நல்லதுதானேப்பா"ன்னாங்க. அவங்க மேல தப்பே இல்ல, கோவிட்டுக்கு அப்புறம் எதிர்ப்புன்னாலே உடம்புக்கு நல்லதுன்னு எல்லார் காதுலயும் பதிஞ்சிருச்சு. அதோட ஆன்டிபயாட்டிக்கே 'நுண்ணுயிர் எதிர்ப்பி'. அதுக்கு எதிர்ப்புன்னா 'எதிர்ப்பி எதிர்ப்பு', சொல்லவே வாய் வரல.

அண்ணே சொன்ன 'தாங்குதிறன்' டாலரன்ஸுக்கு வேணும். அது வேற விசயம், மருந்துக்குள்ள பாக்டீரியா பெருகாது, சாக லேட் ஆகும், அவ்வளவுதான்.

அக்காவோட 'மரபணு மாசு' எனக்கும் முதல்ல பிடிச்சிருந்தது, ஆனா இந்த ஜீன் எல்லாமே வெளிய இருந்து வந்த அழுக்கு கிடையாதே. கனடாவுல யூக்கான் பக்கம் 30,000 வருசமா உறைஞ்சு கிடந்த மண்ணுலயே டெட்ராசைக்ளின், வான்கோமைசின் மாதிரி ஆன்டிபயாட்டிக்கை எல்லாம் சமாளிக்கிற ஜீன் இருந்துச்சுன்னு 2011ல எழுதினாங்க. மண்ணு பாக்டீரியாதான் ஸ்ட்ரெப்டோமைசின்ங்கிற ஆன்டிபயாட்டிக்கையே செய்யுது, செய்யிறது தன்னைக் காப்பாத்திக்கவும் ஜீன் வச்சிருக்கும்ல. 2014ல அமெரிக்காவுல ஒரு சோதனை, ஆன்டிபயாட்டிக்கே போடாத மாட்டோட சாணத்தை மண்ணுல கலந்தாங்க, அப்பவும் மருந்துக்கு அடங்காத பாக்டீரியா பெருகிருச்சு, அதுவும் சாணத்தோட வந்தது இல்ல, மண்ணுல முன்னாடியே இருந்தது, சாணத்தைத் தின்னு கொழுத்திருச்சு. விவசாயம் பண்றப்ப நாம இருக்கிறதையும் சேர்த்துத்தான் வளக்குறோம், 'மாசு'ன்னு பேர் வச்சா இந்தப் பாதிக் கதை காணாமப் போயிரும்.

அதனால 'முறி'. ஊர்ல விசமுறின்னு சொல்வோமே, அந்த முறி. பாக்டீரியா மருந்தை உடைச்சாலும் சரி, பம்ப் பண்ணி வெளிய தள்ளினாலும் சரி, மருந்தோட வேலை முறிஞ்சு போகுது.

'தொகுதி'ன்னா இங்க தேர்தல்தான் ஞாபகம் வரும், 'தொகை' போதும். குறுந்தொகையில பல புலவர் பாட்டு சேர்ந்திருக்கிற மாதிரி இதுவும் ஒரு பாக்டீரியாவோட சொத்து இல்ல. 2006ல ரெசிஸ்டோம்ங்கிற சொல்லைப் பரப்பின கட்டுரையில மண்ணுல எடுத்த ஸ்ட்ரெப்டோமைசிஸ்ங்கிற பாக்டீரியாவோட 480 வகைகளை 21 மருந்துல சோதிச்சாங்க, சராசரியா ஒவ்வொண்ணும் ஏழெட்டு மருந்துக்கு அடங்கல.

வாக்கியத்துல வச்சுப் பாத்தேன்: 'எரு போட்டதும் மண்ணின் மருந்துமுறித்தொகை மாறுகிறது.' எனக்கு உக்காருது. 'மருந்துமுறி'ன்னா முறிமருந்துன்னு யாராவது குழம்புவாங்களா, அது மட்டும்தான் யோசனை. ஐயா, சனிக்கிழமைக்குள்ள சொல்லுங்க, அன்னிக்குத் தோட்டத்துல புதுக் குறிப்பு ஒட்டணும்.