பந்து வந்து சேருவதற்குள் ஒருமுறை திரும்பிப் பார்

ஒன்பது ஆண்டுகளாக ஓர் அரசுப் பள்ளி மைதானத்தில் மாலை வேளைகளில் சிறுவர்களுக்குக் கால்பந்து கற்றுக்கொடுத்து வருகிறேன். அவற்றில் முதல் மூன்று ஆண்டுகளை வீணடித்துவிட்டேன் என்றே இப்போது தோன்றுகிறது. கூம்பு வடிவக் கோன்களை வரிசையாக வைத்து, அவற்றினிடையே வளைந்து வளைந்து பந்தை உருட்டிச் செல்லும் பயிற்சியைத்தான் நாள்தோறும் கொடுத்தேன். கோன்கள் போதாதபோது பையன்களின் செருப்புகளை வைத்துக்கொள்வோம். பந்து காலோடு ஒட்டத்தான் செய்தது. ஆனால் போட்டியில், குனிந்த தலை நிமிராமல் நேராக எதிராளியின் மீது போய் முட்டினார்கள். செருப்பு எழுந்து வந்து பந்தைப் பறிப்பதில்லை அல்லவா!

பிறகு ரோண்டோவுக்கு மாறினேன். 1970-களில் லௌரியானோ ரூயிஸ் என்ற பயிற்சியாளர் ஸ்பெயினின் பார்சிலோனா கால்பந்துக் கழகத்தின் இளையோர் அணிகளில் புகுத்தி, 1988-இல் பயிற்சியாளராக வந்த யோகான் கிரைஃப் அன்றாடப் பழக்கமாக்கிய பயிற்சி அது. எட்டு மீட்டர் சதுரத்தின் ஓரங்களில் நால்வர் நின்று பந்தைக் கைமாற்ற, நடுவில் நிற்பவன் அதைப் பறிக்க வேண்டும்; பறிகொடுத்தவன் நடுவுக்குப் போவான். இரண்டு மாதங்களில் பாஸ் நன்றாகவே திருந்தியது. ஆயினும் முதுகுக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்பது பெரும்பாலோருக்குத் தெரியவில்லை.

அதற்காக விரல் எண்ணும் பயிற்சியைச் சேர்த்தேன். பந்தை வாங்குபவனுக்குப் பின்னால் நின்று நான் விரல்களைக் காட்டுவேன். பந்து அவன் காலுக்கு வருமுன் அவன் எண்ணைச் சொல்ல வேண்டும். ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் உரக்க "மூணு!" என்றான்; விடை சரிதான், ஆனால் பந்து அவன் கால்களுக்கிடையே ஓடி வேலியைத் தொட்டது. பந்து அருகில் வந்தபின் அவன் திரும்பியதே பிழை. பந்து கொடுப்பவனின் காலை விட்டுக் கிளம்பிய கணத்தில் ஒருமுறை பார்த்துவிட்டு, கண்ணை மீண்டும் பந்துக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். இதைப் புரிய வைக்க எனக்கு ஒரு பருவம் முழுவதும் பிடித்தது.

மாவட்ட அணியில் நடுக்கள வீரராக ஆடிய ஒருவரின் மறுமொழி:

ஐயா, தங்கள் அனுபவத்தோடு பெரிதும் உடன்படுகிறேன். ஆனால் சுவரை விட்டுவிட்டீர்கள். எங்கள் ஊர்த் தண்ணீர்த் தொட்டியின் சுவரிலிருந்து ஐந்தடி தள்ளி நின்று, இடது உள்பாதத்தால் மட்டும் நாளொன்றுக்கு இருநூறு முறை அடித்து வாங்குவேன். பூச்சு பெயர்ந்த சுவர் என்பதால் பந்து எந்தப் பக்கம் திரும்பும் என்று சொல்லவே முடியாது. அந்த எரிச்சல்தான் வரும் பந்தை வாங்கி அடக்கும் என் முதல் தொடுகையைச் சீராக்கியது. பந்து காலில் நிற்கும் என்ற நம்பிக்கை வராத பையனைத் திரும்பிப் பார்க்கச் சொன்னால் அவன் எப்படிப் பார்ப்பான்?

பத்து வயது மகனை மைதானத்துக்கு அழைத்துச் செல்லும் தாயின் மறுமொழி:

என் மகன் ஓராண்டாகப் பெரியவர்களுக்கான ஐந்தாம் எண் பந்தில்தான் பழகி வந்தான். அவன் வயதுக்கு அதைவிடச் சிறிய நான்காம் எண் போதும் என்று கடைக்காரர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது. மாற்றிய வாரத்திலேயே கால் வலிக்கிறது என்ற புலம்பல் நின்றது.

முதலில் எழுதியவர்:

சுவரைப் பற்றிச் சொன்னவருக்கு நன்றி. நேற்று பள்ளிச் சுவரில் முயன்றோம். "சுவரைப் பார்த்து நின்னா பின்னாடி எதைப் பார்க்கிறது சார்?" என்று அதே ஆறாம் வகுப்புப் பையன் கேட்டான். அவனுக்குப் பின்னால் இன்னொருவனை நிறுத்தி, கையில் சிவப்பு, நீலத் துணிகளைக் கொடுத்து, ஏதாவது ஒன்றைத் தூக்கிக் காட்டச் சொன்னேன். பந்து சுவரில் பட்டுத் திரும்பி வருவதற்குள், அடித்தவன் திரும்பிப் பார்த்து நிறத்தைச் சொல்ல வேண்டும். பத்தில் நான்கு முறை சரியாகச் சொல்லி, பந்தையும் நிறுத்தினான்.