முடிவு தெரிந்த காதல் நாவலை ஏன் ஒளித்து ஒளித்துப் படிக்கிறோம்?

மஞ்சக்குப்பம்_வாசகி:

எல்லோருக்கும் வணக்கம். எந்தப் பிரிவில் போடுவது என்று தெரியாததால் இங்கேயே கேட்கிறேன்.

நான் கடலூர் மஞ்சக்குப்பம். புதுச்சேரியில் ஒரு தனியார் கம்பெனியின் கணக்குப் பிரிவில் வேலை. தினமும் பஸ்தான். போகும்போதும் வரும்போதும் போனில் குடும்பக் காதல் நாவல் படிக்கிறேன். அம்மாவின் தலையணைக்கு அடியில் இருந்த ரமணிசந்திரன் நாவல்களில் ஆரம்பித்தது, இப்போது பிரதிலிபி, கிண்டில் என்று ஓடுகிறது.

போன வாரம் பக்கத்து சீட்டில் உட்கார்ந்த எங்கள் ஆபீஸ் பெண் என் போனை எட்டிப் பார்த்துவிட்டாள். நல்ல நேரம் பார்த்து கதையில் நாயகனின் தாடை இறுகிக்கொண்டிருந்தது, நாயகியின் விழிகள் படபடத்துக்கொண்டிருந்தன. "அக்கா, நீங்களுமா?" என்று ஒரே சிரிப்பு. மதியச் சாப்பாட்டில் ஜெயகாந்தனைப் பற்றி வாய் கிழியப் பேசுகிறவள் நான். அவர் பிறந்தது இதே மஞ்சக்குப்பத்தில். கொஞ்சம் தள்ளி திருப்பாதிரிப்புலியூரில் புதுமைப்பித்தன் பிறந்தார். இப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு நான் மில் முதலாளி அர்ஜுனுக்குக் கோபம் தணிந்ததா இல்லையா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

கதை என்ன என்று உங்களுக்கே தெரியும். இருந்தாலும் சொல்கிறேன், சொல்வதிலும் ஒரு சுகம் இருக்கிறது. அவனுக்குக் கோயம்புத்தூரில் மில், இல்லாவிட்டால் சென்னையில் கட்டுமானக் கம்பெனி. முன்பு ஒருத்தி ஏமாற்றியதால் பெண்கள் எல்லோருமே பணத்துக்கு அலைபவர்கள் என்ற தீர்மானத்தோடு இருப்பான். இவளுக்கு அப்பா இருக்க மாட்டார், இருந்தால் கடனோடு இருப்பார். அவன் ஆபீசிலேயே வேலைக்குச் சேர்வாள். ஏதோ ஒரு இக்கட்டில் தாலி ஏறிவிடும். மாமியார் கிடையாது. கவனித்திருக்கிறீர்களா? பெரும்பாலும் மாமியாரைப் போட்டோவாக்கி மாலை போட்டுவிட்டு, எல்லாம் தெரிந்த ஒரு பாட்டியை வைத்திருப்பார்கள். முதலிரவில் அவன் சோஃபாவில் படுப்பான். சோஃபா இல்லாத படுக்கையறையை இந்த நாவல்களில் நான் பார்த்ததே இல்லை. அப்புறம் இரண்டு பேரில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தே ஆக வேண்டும். காய்ச்சலில் மனசு இளகும் நேரம் பார்த்து அத்தை மகள் வெளிநாட்டிலிருந்து வந்து இறங்குவாள். இவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்புவாள், அவன் தாடி வளர்த்துக்கொண்டு தேடி வருவான். கடைசிப் பக்கத்தில் இரட்டைக் குழந்தை.

தொழில்முறையில் எனக்கு ஒரு எரிச்சலும் உண்டு. கம்பெனியில் நடந்த கோடி ரூபாய் மோசடியைக் கதாநாயகி ஒரே ராத்திரியில் கண்டுபிடித்துவிடுவாள். ஒரு மாதத்து பேங்க் ஸ்டேட்மென்ட்டை லெட்ஜரோடு ஒத்துப் பார்ப்பதற்குள் எங்களுக்கு நாக்குத் தள்ளிவிடுகிறது. ஆனாலும் அந்த அத்தியாயத்தை இரண்டு தடவை படிப்பேன். மறுநாள் மீட்டிங்கில் எம்.டி. எல்லோர் முன்னாலும் இதைக் கண்டுபிடித்தது யார் என்று அவள் பெயரைச் சொல்லுவானே, அதற்காக.

இன்னொரு விஷயம். நான் கடைசி அத்தியாயத்தை முதலில் படித்துவிட்டுத்தான் கதையை ஆரம்பிப்பேன். சேர்ந்துவிட்டார்கள் என்று தெரிந்த பிறகு அவன் எவ்வளவு கத்தினாலும் எனக்குக் கவலை இல்லை. வீட்டில் அம்மாவுக்குச் சுகர், பையன் பிளஸ் டூ. எது எங்கே போய் முடியும் என்று ஒன்றும் தெரியாது. இது ஒன்றாவது தெரிகிறதே என்றுதான் படிக்கிறேனோ என்னவோ.

கேட்க வந்தது வெட்கத்தைப் பற்றி. புதுச்சேரி எல்லையில் கன்னியக்கோவிலில் இறங்குகிறவர்கள் மதுக்கடைக்குத்தான் இறங்குகிறார்கள் என்று பஸ்ஸுக்கே தெரியும். அவர்களில் யாரும் முகத்தை மறைப்பதில்லை. நான் மட்டும் ஏன் போனைச் சாய்த்துப் பிடிக்கிறேன்? என் வீட்டுக்காரர் ஒரே சண்டைக்காட்சியை டிவியில் எத்தனையாவது தடவையாகவோ பார்க்கிறார், அவரை யாரும் "நீங்களுமா?" என்று கேட்பதில்லை. உங்களுக்கும் இப்படி இருக்கிறதா?

---

முத்தியால்பேட்டை_லைப்ரரி:

அம்மா, நான் முத்தியால்பேட்டையில் வாடகை லைப்ரரி வைத்திருந்தவன். கேபிள் டிவி வந்தபோது தள்ளாடியது, போன் வந்தபோது படுத்துவிட்டது. வாரப் பத்திரிகைத் தொடர்களைக் கிழித்துச் சேர்த்து, பழுப்பு அட்டை போட்டு பைண்டு செய்து வைத்திருப்பேன். இந்த வகை நாவலை வளர்த்துவிட்டதே எங்கள் தொழில்தான் என்று எனக்கு ஒரு பெருமை உண்டு. லண்டனில் 1908-ல் ஆரம்பித்த மில்ஸ் அண்ட் பூன் பதிப்பகத்தார் முதலில் எல்லா வகைப் புத்தகங்களும் போட்டவர்கள்தான். 1930-களில் அங்கே இருந்த வாடகை நூலகங்களில் காதல் கதைக்குத்தான் கிராக்கி என்றதும் அந்தப் பக்கமே சாய்ந்துவிட்டார்கள். அவர்களுடைய அட்டையும் பழுப்புதான்.

ஒளித்துப் படிப்பது அப்போதும் இருந்தது. காய்கறிப் பைக்குள் மேலே கீரையும் கீழே நாவலுமாக எடுத்துப் போவார்கள். வீட்டம்மாவுக்காக என்று வந்து வாங்கிப்போகும் ஆண்களும் உண்டு. மில்லில் வேலை பார்த்த ஒருவர் திருப்பித் தரும்போது, "இந்த ஹீரோயின் கொஞ்சம் அவசரப்பட்டுட்டா சார்" என்று சொல்லிவிட்டுப் போவார். வீட்டம்மா சொன்னாராம்.

எல்லாத் தலைப்பிலும் நிலவோ தென்றலோ இருக்கும். படித்ததா இல்லையா என்று அவர்களுக்கே தெரியாது. அதனால் ஆளுக்கொரு ரகசியக் குறி. ஒருத்தர் 27-ம் பக்க எண்ணைச் சுற்றி வட்டம் போடுவார், இன்னொருத்தர் கடைசி வரிக்குக் கீழே ஒரு நட்சத்திரம். எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். புத்தகத்தைப் பிரித்தால் எந்தெந்தத் தெரு படித்திருக்கிறது என்று சொல்லிவிடுவேன்.

பிரெஞ்சு பென்ஷன் வாங்கிய ஒரு பாட்டி வருவார். தமிழ் நாவலை எடுத்துக்கொண்டு போய் வந்து, "இது டெல்லியில் ஏற்கெனவே வந்ததுதான்" என்பார். தலைநகர் டெல்லி என்று நினைத்தேன். டெல்லி என்பது பிரெஞ்சில் காதல் நாவலாக எழுதிக் குவித்தவர்களின் புனைபெயராம். அந்தப் பெயருக்குப் பின்னால் இருந்தது உடன்பிறந்த ஒரு சகோதரனும் சகோதரியும். பணக்காரப் பிரபு, ஏழைப் பெண், திமிர், கண்ணீர், கல்யாணம் எல்லாம் அதிலும் அப்படியே.

முடிவு தெரிந்தால் போதும் என்று நீங்கள் சொன்னதற்கு ஒன்று சொல்கிறேன். ஒரு பைண்டு புத்தகத்தில் கடைசிப் பக்கங்கள் கிழிந்துபோயிருந்தன. முடிவு எல்லோருக்கும் தெரியும்தானே என்று வாடகைக்கு விட்டேன். எடுத்துப் போன அம்மா மறுநாளே சண்டைக்கு வந்துவிட்டார். "சேர்ந்துடுவாங்கன்னு உங்களுக்குத் தெரியாதா?" என்றேன். "தெரியும். ஆனா நான் படிக்கலையே" என்றார். அப்புறம் அவரே நோட்டுத் தாளில் முடிவை எழுதி, மைதாப் பசையில் ஒட்டிக் கொடுத்தார். அதற்குப் பிறகு அந்தப் புத்தகத்தின் மேல் ஒரு புகாரும் வந்ததில்லை.

---

வில்லியனூர்_வக்கீல்:

நானும் படிப்பவள்தான், அதனால் உரிமையோடு சொல்கிறேன். உங்கள் வெட்கத்தில் பாதி ஊர் கொடுத்தது, அதைத் தூக்கிப் போடுங்கள். மீதிப் பாதியைக் கொஞ்சம் பத்திரமாக வைத்துக்கொள்ளலாம்.

"அவன் எவ்வளவு கத்தினாலும் கவலை இல்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். பல நாவல்களில் அவன் கத்துவதோடு நிற்பதில்லை. அறைகிறான், அறையில் பூட்டி வைக்கிறான், மிரட்டித் தாலி கட்டுகிறான். 'ஆன்டி ஹீரோ' என்று பெயர் வைத்து அட்டையிலேயே விளம்பரம். இருபதாம் அத்தியாயத்தில் அவன் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் வந்தால் கணக்குத் தீர்ந்தது. குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2005-ல் வந்துவிட்டது. அதில் அடி மட்டும் இல்லை, அவமானப்படுத்துவது, காசு கொடுக்காமல் முடக்குவது எல்லாமே வன்முறைதான். என்னிடம் வருகிற பெண்களில் சிலர், "உள்ளுக்குள்ள பாசம் இருக்கு மேடம், வெளியில காட்டத் தெரியாது" என்கிறார்கள். இந்த வசனத்தை எங்கே படித்திருக்கிறேன் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

நாவல் படித்துத்தான் அவர்கள் அப்படி ஆனார்கள் என்று சொல்லவில்லை. நாவலில் ஆசிரியர் அவன் மனசுக்குள் போய் நமக்குக் காட்டிவிடுகிறார். வீட்டில் அப்படிக் காட்ட ஆள் கிடையாது. நான் இப்போது முதல் அறை விழுந்ததும் மூடிவிடுகிறேன். சோஃபா, காய்ச்சல், பாட்டி எல்லாம் எனக்குச் சம்மதம்.

---

காலாப்பட்டு_ஹாஸ்டல்:

அக்கா, கடைசி அத்தியாயத்தை முதலில் படிக்கும் பழக்கம் உங்களுக்கு மட்டும் இல்லை. அமெரிக்காவில் ஜேனிஸ் ராட்வே என்பவர் ஒரு சிறு நகரத்துக் காதல் நாவல் வாசகிகளிடம் பேசி 1984-ல் ஒரு ஆய்வு வெளியிட்டார். எங்கள் வகுப்பில் அதைப் படித்தோம். ஊர்ப் பெயரை மாற்றி ஸ்மித்டன் என்று வைத்திருப்பார். அங்கேயும் சிலர் முடிவு நல்லபடியாக இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்துவிட்டுத்தான் வாங்குவார்களாம். ஏன் படிக்கிறீர்கள் என்றால், கதையைச் சொல்வதை விட, அந்த நேரம் எங்களுடையது என்பதையே அழுத்திச் சொல்லியிருக்கிறார்கள். கையில் புத்தகம் இருந்தால் கணவரும் பிள்ளைகளும் கொஞ்ச நேரம் கூப்பிட மாட்டார்கள் என்று.

வக்கீல் மேடம் சொன்னதும் அதில் இருக்கிறது. நாயகனின் முரட்டுத்தனத்தைப் பிரியத்தின் இன்னொரு முகமாகப் படிக்கக் கதை பழக்கிவிடுகிறது என்பார். படிப்பது வீட்டு வேலைக்கு எதிராக ஒரு சின்ன வேலைநிறுத்தம், ஆனால் படிக்கும் கதையோ திரும்ப அதே வீட்டுக்குள்தான் கொண்டுபோய் விடுகிறது, இந்த இழுபறிதான் அவருடைய வாதம்.

ஹாஸ்டலில் எங்கள் தளத்தில் ஆராய்ச்சி மாணவிகள் உட்பட எல்லோரும் படிக்கிறோம். செமினாரில் மட்டும் யாரும் சொல்வதில்லை.

---

ஓடி_க்ரைம்_வாசகன்:

கடலூர் ஓ.டி., அதாவது ஓல்டு டவுனிலிருந்து. நான் மாத நாவல் க்ரைம் கட்சி. கொலைகாரன் கடைசியில் மாட்டுவான் என்று எனக்கும் முதல் பக்கத்திலேயே தெரியும், என்னை யாரும் கேலி செய்ததில்லை. அதனால் மேடம் சொல்வது நியாயம்.

2011 டிசம்பர் 30 தானே புயலில் எங்கள் பக்கம் கரண்ட் போனது, திரும்பி வர வாரக்கணக்கில் ஆனது. என் புத்தகங்கள் எல்லாம் நனைந்து உப்பிவிட்டன. வீட்டில் மிச்சம் இருந்தது மனைவி பீரோவில் வைத்திருந்த பைண்டு வால்யூம்கள்தான். மெழுகுவர்த்தியில் ஒன்றை எடுத்தேன். அது பாதியில் முடிந்துவிட்டது. அடுத்த பாகம் எங்கே என்று அவளிடம் கேட்க முடியாமல் நான் பட்ட பாடு இருக்கிறதே!

கூடுதல் தகவல், நான் ரோடு வேலையில் சூப்பர்வைசர் என்பதால் தெரியும். இங்கிலாந்தில் 2003-ல் திறந்த எம்6 கட்டணச் சாலைக்கு சுமார் 25 லட்சம் பழைய மில்ஸ் அண்ட் பூன் புத்தகங்களைக் கூழாக்கித் தார்க் கலவையில் சேர்த்தார்கள். தார் பிடித்து நிற்க அது உதவுமாம். நம்ம நாலு வழிச்சாலைக்கும் யாராவது யோசிக்கலாம்.

---

நிலா_எழுதுகிறாள்:

சிஸ், நான் ஆப்பில் தொடர் எழுதுகிறேன், வேறு பெயரில். எழுதுகிற பக்கத்திலிருந்து சொல்கிறேன். சேர்ந்துவிடுவார்கள் என்று எல்லோருக்கும் தெரிவதால் எங்கள் வேலை சுலபம் என்று நினைக்காதீர்கள். சேர்வதைத் தள்ளிப்போட ஒவ்வொரு எபிசோடுக்கும் ஒரு காரணம் வேண்டும். அந்தக் காரணம் அற்பமாக இருந்தால், "போன் பண்ணிக் கேட்டிருந்தா ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சிருக்குமே" என்று கமெண்ட்டில் கிழித்துவிடுவார்கள். செல்போன் வந்த பிறகு தப்பபிப்பிராயம் உண்டாக்குவது பெரிய பாடு. அதனால்தான் எல்லா நாயகிகளுக்கும் சார்ஜ் தீர்ந்துபோகிறது.

ஒரு தொடரில் நாயகி திரும்பிப் போகாமல் தனியாகக் கடை வைத்துப் பிழைப்பதாக முடித்தேன். நன்றாக எழுதிய முடிவு என்று இப்போதும் சொல்வேன். "யூடி எப்போ சிஸ்?" என்று, அதாவது அடுத்த பகுதி எப்போது என்று, கேட்டுக்கொண்டே இருந்தார்கள். முடிந்துவிட்டது என்று சொன்னால் நம்பவில்லை! அடுத்த கதையில் அவளுக்குக் கடையும் கொடுத்தேன், அவனையும் கொடுத்தேன். கல்லாவில் அவள் உட்கார்ந்தாள், அவன் மூட்டை இறக்கினான். அது நன்றாகவே போனது. சட்டகம் இவ்வளவு இறுக்கமாக இருப்பதால்தான் உள்ளே ஒரு நாற்காலியை நகர்த்தினாலும் வாசகிகளுக்குத் தெரிகிறது.

வக்கீல் மேடம், என் கதையில் அறைவது கிடையாது. ஆனால் சோஃபா உண்டு.

---

மஞ்சக்குப்பம்_வாசகி:

எல்லோருக்கும் நன்றி. இன்று காலை பஸ்ஸில் போனை நேராகவே பிடித்துப் படித்தேன். ரெட்டிச்சாவடி வரை. அப்புறம் எங்கள் ஆபீஸ் பெண்ணே, "அந்த ஆப் பேர் என்னக்கா?" என்று கேட்டாள்.

முத்தியால்பேட்டை ஐயா, ஒரு சந்தேகம். அந்த அம்மா நோட்டுத் தாளில் எழுதிய முடிவில் ஹீரோ மன்னிப்புக் கேட்டானா?

---

முத்தியால்பேட்டை_லைப்ரரி:

கேட்டான் அம்மா. முழுசாக ஒரு பக்கத்துக்குக் கேட்டான். அது போதாதென்று அவளுடைய அம்மா வீட்டிலேயே ஒரு வாரம் தங்கி, தினமும் அவன்தான் சமையல். மீன் குழம்பில் புளி கூடிப்போனது என்று அவள் சொல்வதோடு முடியும். அச்சில் இருந்த முடிவு எப்படி என்று எனக்கு ஞாபகமே இல்லை.

---

வில்லியனூர்_வக்கீல்:

அந்தப் புத்தகம் இன்னும் இருக்கிறதா? நான் எடுத்துக்கொள்கிறேன்.

---

முத்தியால்பேட்டை_லைப்ரரி:

பரணில் இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பேரனை ஏற்றிப் பார்க்கிறேன். வாடகைக்குத்தான், விற்க மாட்டேன்.