புதுப்பிப்பு: பிராக் பழைய நகரத்தில் வழிகாட்டியோடு நடந்தாச்சு

செக் நாட்டுத் தலைநகர் பிராக்ல வழிகாட்டியோட நடக்கலாமா, மேப்பை வெச்சு நாமே சுத்தலாமான்னு முன்னாடி கேட்டிருந்தேன். பாதிப் பேர் வழிகாட்டி வேணும்னீங்க, பாதிப் பேர் காசு தண்டம்னீங்க. என் ஓட்டு வழிகாட்டிக்குத்தான்.

எல்லாரும் சொன்ன வானியல் கடிகாரம் 1410-ல வெச்சது. மணி அடிச்சா எலும்புக்கூடு கயிறை இழுக்குது, மேலே ஜன்னல்ல அப்போஸ்தலர்கள் (இயேசுவோட சீடர்கள்) பொம்மைங்க வரிசையா எட்டிப் பார்க்கிறாங்க, அவ்வளவுதான். போனை எடுத்து முடிக்கறதுக்குள்ள முடிஞ்சிடுது.

அசந்து போனது அதுக்குப் பக்கத்துல, தரையில. கருங்கல் பாவின தளத்துல 27 வெள்ளைச் சிலுவை பதிச்சிருக்காங்க. ஆஸ்திரியாவோட ஹாப்ஸ்பர்க் அரச வம்சத்து ஆட்சியை எதிர்த்துக் கிளம்பி, 1620-ல வெள்ளை மலைப் போர்ல தோத்தவங்க நினைவா வெச்சது. அவங்கள்ல 27 பேருக்கு 1621 ஜூன் 21 அன்னிக்கு இங்கதான் மரண தண்டனை. 12 தலையை சார்லஸ் பாலத்துக் கோபுரத்துல பத்து வருஷம் தொங்க விட்டாங்க. வழிகாட்டி நிறுத்திக் காட்டலன்னா மிதிச்சிட்டே போயிருப்பேன். எல்லாரும் அப்படித்தான் போறாங்க.

பாலத்துக்கு அடிக்கல் 1357. ரெண்டு பக்கமும் சிலைகள், ஆனா நிறைய நகல்தான். அசலைப் பத்திரமா எடுத்து வெச்சுட்டாங்க. நெபோமுக்ங்கிற புனிதரோட சிலைக்கு அடியில இருக்கிற வெண்கலப் பலகை மட்டும் ஆளாளுக்குத் தடவித் தடவி மினுமினுக்குது.

முட்டிவலின்னு கேட்ட அக்காவுக்கு: கோட்டைக்கு ஏறி நடக்காதீங்க. 22-ஆம் நம்பர் டிராம்ல மேலே போயிடுங்க. கல் தெரு வழுக்கும், நல்ல ஷூ அவசியம்.