விளையாட்டுக்குள்ளே நம்ம கடைப் பெயர்: உங்களுக்கு நடந்ததையும் சொல்லுங்கள்

குன்னூர், தேயிலை வியாபாரம்:

அப்பா காலத்திலிருந்து தேயிலைத் தூள் பாக்கெட் போட்டு விற்கிறோம். பெயரும் லோகோவும் ட்ரேட்மார்க்காக (வணிகச் சின்னமாக) 30ஆம் வகுப்பில் பதிவானவை; பொருள் வகைக்கு ஏற்ப வகுப்பு பிரித்துத்தான் பதிவு. டீ, காபி, சாக்லேட் எல்லாம் அந்த வகுப்புதான். போன சீசனில் அக்கா மகன் போனை நீட்டி, "மாமா, நம்ம கடை கேம்ல இருக்கு" என்றான். விளையாடுபவர்களே இடங்களைக் கட்டும் கேம் அது. யாரோ ஊட்டியை அப்படியே கட்டி வைத்திருக்கிறார்கள். மலை ரயில் வந்து நிற்கிறது, ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் எங்கள் கடை. லோகோவில் கடைசி எழுத்தின் வால் இலையாக மடங்கி, நுனியில் ஒரு சின்னப் பனித்துளி தொங்கும். அந்தத் துளியைக்கூட விடவில்லை.

கடை மட்டும் நின்றிருந்தால், ஓசி விளம்பரம் என்று விட்டிருப்பேன். உள்ளே அவதாருக்கு (விளையாடுபவரின் உருவத்துக்கு)ப் போடும் தொப்பி, டீ-ஷர்ட் எல்லாம் எங்கள் லோகோவோடு விற்பனைக்கு இருந்தன. விளையாட்டுக் காசுதான், ஆனால் அதை வாங்க நிஜக் காசு கொடுக்க வேண்டுமே. ஒரு பையன் எங்கள் வாட்ஸ்அப் எண்ணைத் தேடிப் பிடித்து, "அண்ணா, காசு போயிடுச்சு, தொப்பி வரல" என்று கேட்டான்!

தளத்தில் புகாருக்கு இரண்டு படிவங்கள்: பதிப்புரிமைக்கு ஒன்று, ட்ரேட்மார்க்குக்கு ஒன்று. லோகோ ஓவியமும்தான், சின்னமும்தான் என்பதால் இரண்டையும் நிரப்பினேன். பதிப்புரிமைப் புகார் மளமளவென்று நகர்ந்தது. அமெரிக்காவில் 1998இல் வந்த டி.எம்.சி.ஏ. என்ற டிஜிட்டல் பதிப்புரிமைச் சட்டம் அதற்கு வழி வகுத்திருக்கிறது. எதிராளி மறுப்பு அனுப்பினால் மட்டும் கவனம்: 10 முதல் 14 வேலை நாட்களில் நாம் வழக்குப் போடாவிட்டால் பொருள் திரும்ப வந்துவிடும். ட்ரேட்மார்க்குக்கு அப்படி ஒரு சட்ட வழி இல்லை, அந்தந்தத் தளம் வைத்ததுதான் விதி. "உங்கள் பதிவு தேயிலைக்கு, இங்கே விற்பது டிஜிட்டல் தொப்பி" என்று பதில் வந்தது. அந்தப் பையனின் செய்தியை, எண்ணை மறைத்து, அப்படியே அனுப்பினேன். வாங்குகிறவர் குழம்புகிறார் என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும்? அப்புறம்தான் எல்லாவற்றையும் எடுத்தார்கள்.

வக்கீல் 9ஆம் வகுப்பிலும் (மென்பொருள், டிஜிட்டல் கோப்புகள்) 41இலும் (பொழுதுபோக்குச் சேவை) விண்ணப்பிக்கச் சொன்னார். மெய்நிகர் பொருள், அதாவது திரையில் மட்டும் இருக்கும் பொருள், 9ஆம் வகுப்பில் வரும் என்று ஐரோப்பிய அறிவுசார் சொத்து அலுவலகம் 2022இலேயே சொல்லிவிட்டது. இந்த வகுப்புகளைப் பிரிக்கும், நம் நாடும் பின்பற்றும் நைஸ் என்ற சர்வதேச வகைப்பாட்டின் 12ஆம் பதிப்பு, 2023 முதல், என்.எஃப்.டி. (டிஜிட்டல் பொருளுக்கான தனித்த உரிமைச் சீட்டு மாதிரி) சான்றுள்ள டிஜிட்டல் கோப்புகளையும் அங்கேதான் வைக்கிறது. சிறு தொழில் என்றால் ஆன்லைனில் வகுப்புக்கு 4,500 ரூபாய், வக்கீல் ஃபீஸ் தனி. அந்த வகுப்பில் பதிவு இல்லாவிட்டாலும் ட்ரேட்மார்க் சட்டத்தின் 29(4)ஐப் பிடித்து வாதாடலாம். ஆனால் நம் பெயருக்கு இந்தியாவில் நல்ல பிரபலம் இருக்கிறதென்று காட்ட வேண்டும். பெரிய கம்பெனிக்குச் சரி, வீட்டு ஆட்களே உட்கார்ந்து பாக்கெட் ஒட்டும் கடைக்கு?

கூடலூர், மேப் கட்டுபவர்:

அண்ணா, நான் எதிர்க்கரை. நம்ம பஸ் ஸ்டாண்டைக் கட்டியபோது அங்கே நிஜத்தில் இருக்கிற குளிர்பான போர்டையும் வைத்தேன். நோட்டீஸ் வந்தது, போர்டை எடுத்தேன், இன்றுவரை எனக்கு அது நியாயமாகப் படவில்லை. ஊரைக் காட்டினால் ஊரில் இருப்பது தெரியத்தானே செய்யும்? 'கால் ஆஃப் டியூட்டி' விளையாட்டில் ஹம்வீ என்ற ராணுவ வண்டி ஓடுகிறது என்று அதைத் தயாரிக்கும் ஏ.எம். ஜெனரல் போட்ட வழக்கு 2020இல் நியூயார்க்கில் தோற்றது. போர்க்களம் நிஜமாகத் தெரிய அந்த வண்டி தேவை என்பதை நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. அதே ஊரில்தான் 2023 பிப்ரவரியில் மெட்டாபர்கின்ஸ் வழக்கில் ஜூரியின் தீர்ப்பும் வந்தது. எர்மெஸ் என்ற ஆடம்பரக் கம்பெனியின் பர்கின் கைப்பையை ரோமம் போர்த்தின மாதிரி உருவாக்கி என்.எஃப்.டி.யாக விற்றவர் 1,33,000 டாலர் கட்ட வேண்டும் என்றது ஜூரி. தொப்பி விற்றவனுக்காக நான் பேச வரவில்லை. ஆனால் முறையாக அனுமதி கேட்டு மெயில் போட்டால் நம்ம ஊர்க் கடைக்காரர்கள் ஒருத்தரும் பதில் போடுவதில்லை, அதையும் பதிவு செய்கிறேன்.

கொடைக்கானல், ஹோம்ஸ்டே:

எங்களுக்கு நடந்தது திருட்டேதான். எங்கள் பெயரில் ஒரு மெய்நிகர் வீடு, பால்கனியில் நின்றால் பேரிஜம் ஏரி (நிஜ வீட்டிலிருந்து பார்த்தால் எதிர்வீட்டு வாட்டர் டேங்க்தான் தெரியும்). சுவரில் க்யூ.ஆர். கோடு, "அட்வான்ஸ் கட்டி ரூம் புக் செய்யுங்கள்." ஒரு மதுரைக் குடும்பம் கட்டிவிட்டு, பெட்டியோடு வாசலில் வந்து நின்றது. ட்ரேட்மார்க் கதையெல்லாம் பிறகு பார்க்கலாம் என்று முதலில் அவர்களை சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்கு போன் போட வைத்தோம். பணம் கைமாறியிருந்தால் அதுதான் முதல் வேலை.

குன்னூர், தேயிலை வியாபாரம்:

கொடைக்கானல் அக்கா சொல்வது சரி. கூடலூர் தம்பி, உங்கள் மெயில் எனக்கு வந்திருந்தால் போர்டு வைக்கச் சம்மதித்திருப்பேன், விற்பனைக்கு மட்டும் மாட்டேன். மற்றவர்களுக்கு ஒன்று: புகார் போடும் முன் சாட்சியம் சேருங்கள். பொருளின் ஐ.டி., விற்பவரின் யூசர்நேம், முழு லிங்க், தேதி நேரம் தெரியும் திரைப்பதிவு, எல்லாம் வேண்டும். வழக்கு என்று போனால் 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுச் சான்றிதழும் (மின்னணுச் சாட்சியத்துக்கானது) கேட்பார்கள்.

கோத்தகிரி, கைவினைப் பொருள் கடை:

உங்களுக்காவது நிரப்ப ஒரு படிவம் இருந்தது. நீலகிரிப் பழங்குடியினரான தோடரின் பூவேலைக்கு 2013இல் புவிசார் குறியீடு (குறிப்பிட்ட ஊர்ப் பொருளின் பெயரைக் காக்கும் பதிவு) கிடைத்தது. அவதாருக்கான சால்வை ஒன்று "தோடா" என்ற பெயரிலேயே விற்பனைக்கு வந்தபோது புகார் போடப் போனோம். படிவத்தில் பதிப்புரிமை, ட்ரேட்மார்க் இரண்டும் இருக்கின்றன, புவிசார் குறியீடு இல்லை. சட்டமும் விவசாயப் பொருள், இயற்கைப் பொருள், கைவினைப் பொருள், உற்பத்திப் பொருள், உணவு என்றுதான் பேசுகிறது. திரையில் தெரியும் சால்வை அதில் எது?

அந்தச் சால்வையைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நிஜத்தில் வெள்ளைத் துணியின் இழைகளை எண்ணி எண்ணி, சிவப்பும் கறுப்புமாகக் கோப்பார்கள். வரைந்து வைத்துக்கொண்டு தைப்பதில்லை. இழை மேடாக நிற்கும் பக்கம்தான் வெளியே தெரியும்படி போர்த்துவார்கள். கேமில் இருந்ததோ வழவழவென்று ஒட்டின படம், திருப்பினால் பின்பக்கம் சும்மா வெள்ளை.

விற்பவருக்கே நேராக எழுதினோம். பெயரை எடுத்துவிட்டு "மலை சால்வை" என்று மாற்றினார், பூவேலை அப்படியே விற்கிறது. குறியீட்டுக்கு உரிமையுள்ள சங்கத்தாரிடம் பேசி, கிண்டியில் உள்ள பதிவகத்துக்கு மனு எழுதிக்கொண்டிருக்கிறோம். புவிசார் குறியீட்டைக் காட்டி எந்தத் தளத்திலாவது ஒரு பொருளை எடுக்க வைத்தவர் இங்கே இருந்தால், அந்தக் கடிதத்தின் வாசகத்தைப் பகிருங்கள்.