இறை ஊழியரின் கல்லறையில் நவநாள், தேர்பவனி வைக்கலாமா?

பங்குப்பேரவை_செயலர்:
எங்கள் கோவில் வளாகத்தில் அடக்கமாகியிருக்கும் குருவானவரை ‘இறை ஊழியர்’ என அறிவித்து, மறைமாவட்டம் புனிதர் பட்டப் பணிகளைத் தொடங்கியிருக்கிறது. அடுத்த மாதம் அவருடைய நினைவு நாள். ஒன்பது நாள் நவநாள், ஒளிவட்டம் போட்ட பிளக்ஸ், சின்னதாக ஒரு தேர்பவனி, மன்றாட்டுமாலையில் (புனிதர்களின் பெயரைச் சொல்லி அவர்களிடம் வேண்டும் செபம்) அவர் பெயர் என்று இளைஞர்கள் திட்டம் போட்டுவிட்டார்கள். அவரிடம் வேண்டிச் சிறுநீரகக் கோளாறு நீங்கியதாகச் சொல்லும் ஒரு குடும்பம், கல்லறையில் நன்றிக் கல்வெட்டு பதிக்கக் கேட்கிறது. இவற்றில் எது செல்லும்?

திருச்சட்டம்_படித்தவன்:
முதலில் தேரை நிறுத்துங்கள். திருஅவைச் சட்டம் 1187இன்படி, புனிதர் அல்லது அருளாளர் (புனிதருக்கு முந்தைய படி) பட்டியலில் சேர்க்கப்பட்டவருக்கு மட்டுமே பொது வணக்கம் செலுத்தலாம். இறை ஊழியரும் சரி, அடுத்த படியான ‘வணக்கத்துக்குரியவர்’ நிலையும் சரி, அந்தப் பட்டியலில் இல்லை.

மீறினால் பாதிப்பு அந்தக் குருவானவருக்குத்தான். மறைமாவட்ட விசாரணையில் ஆயரோ அவருடைய பிரதிநிதியோ கல்லறையையும், குருவானவர் வாழ்ந்த, இறந்த அறைகளையும் நேரில் பார்வையிட்டு, ‘முறையற்ற பொது வணக்கம் இல்லை’ என்று எழுதித் தர வேண்டும். 1634இல் எட்டாம் உர்பான் திருத்தந்தை கறாராக்கிய விதி இது, இன்றும் நடைமுறையில் இருக்கிறது. ஒளிவட்டப் படமும் நேர்ச்சைப் பொருள்களும் அங்கே இருந்தால் அந்த அறிக்கை எழுத முடியாது.

செய்யக்கூடியதும் நிறைய உண்டு. யாரும் தனியாக வந்து முழந்தாளிட்டுச் செபிக்கலாம். மற்றக் கல்லறைகளுக்கு வைப்பதுபோலப் பூ வைக்கலாம். ஆயரின் ஒப்புதலோடு, ‘தனிச் செபத்துக்கு மட்டும்’ என்று அச்சிட்ட செப அட்டை கொடுக்கலாம். நினைவு நாளில் திருப்பலி வைக்கலாம், ஆனால் அது அவருடைய மகிமைக்கான திருப்பலியாக இருக்கக் கூடாது. அவருடைய ஆன்ம இளைப்பாற்றிக்காக ஒப்புக்கொடுக்கலாம். விசுவாசிகள் மன்றாட்டில், இறைவன் சித்தமானால் அவர் புனிதராக உயர்த்தப்பட வேண்டும் என்று மன்றாடலாம்.

ஒரு வேற்றுமை உருபில்தான் எல்லாம் இருக்கிறது: கோவிலில் எல்லாரும் கூடி ‘அவருக்காக’ மன்றாடலாம், ‘அவரிடம்’ மன்றாடக்கூடாது. மன்றாட்டுமாலை இரண்டாவது வகை.

வார்டு_செவிலி:
கல்வெட்டு வேண்டாம். அதே செய்தியைச் சாட்சியமாக எழுதி வாங்கி, அவருடைய புனிதர் பட்டப் பணிகளைக் கவனிக்கும் வேண்டுகையாளரிடம் கொடுங்கள். நேர்ச்சைப் பொருள் வந்தாலும் கல்லறையில் வைக்காமல் தனி அறையில் பூட்டி வையுங்கள்.

சிறுநீரகம் என்பதால் சொல்கிறேன்: திடீரென வரும் செயலிழப்பு, காரணத்தைச் சரிசெய்தால் சில வாரங்களில் தானாகவே மீளக்கூடியது. அது புதுமையாக (இறைவனின் அற்புதமாக) நிற்காது. மூன்று மாதத்துக்கு மேல் நீடித்த நாள்பட்ட பாதிப்பு என்றால் பேசலாம். டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் போதாது. செபம் தொடங்குவதற்கு முந்தைய, பிந்தைய கிரியேட்டினின் (சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் இரத்தப் பரிசோதனை) முடிவுகள் தேதியோடு, ஸ்கேன் படங்கள், கொடுத்த மருந்துகளின் முழு அட்டவணை எல்லாம் வேண்டும். 1998இல் மேற்கு வங்கப் பெண் ஒருவர் அன்னை தெரேசாவின் பரிந்துரையால் குணமடைந்தது புதுமையாக ஏற்கப்பட்டபோது, சிகிச்சை அளித்த மருத்துவரே ‘காசநோய் மருந்துதான் குணமாக்கியது’ என்று வெளிப்படையாகச் சொன்னார். மருந்து அட்டவணை ஏன் முக்கியம் என்று புரியும்.

உள்நோயாளி ஆவணங்களை மருத்துவர் மூன்றாண்டு வைத்திருக்க வேண்டும், கேட்டால் 72 மணி நேரத்தில் தர வேண்டும் என்பது நம் நாட்டு மருத்துவ நெறிமுறை. அந்த மூன்றாண்டுக்குள் எழுதிக் கேட்டு வாங்கிவிடுங்கள். மருத்துவரிடம் ‘புதுமை’ என்று எழுதித் தரச் சொல்லாதீர்கள். ‘மருத்துவ ரீதியில் விளக்க முடியவில்லை’ என்பதோடு அவர் வேலை முடிந்தது, அவர் கத்தோலிக்கராக இருக்க வேண்டியதும் இல்லை. வத்திக்கானின் 2016 விதிப்படி, ஏழு மருத்துவ வல்லுநர்களில் குறைந்தது ஐவர் அதையே சொல்ல வேண்டும்.

யார், எந்தத் தேதியிலிருந்து, யாரிடம் வேண்டினார்கள் என்பதையும் எழுதுங்கள். அந்தோனியார், ஆரோக்கிய அன்னை, இவர் என்று எல்லாரிடமும் வேண்டியிருந்தால், யாருடைய பரிந்துரை என்று நிறுவுவது கடினம்.

ஆரல்வாய்மொழி_பயணி:
தேவசகாயம் 2012இல் அருளாளரானபோது புதுமையே கேட்கவில்லையே?

திருச்சட்டம்_படித்தவன்:
அவர் மறைசாட்சி. 1752இல் காற்றாடிமலையில் விசுவாசத்துக்காகக் கொல்லப்பட்டவர். மறைசாட்சிக்கு அருளாளர் பட்டத்துக்குப் புதுமை தேவையில்லை. புனிதர் பட்டத்துக்கு ஒன்று வேண்டும், அது ஏற்கப்பட்ட பிறகுதான் 2022 மே 15இல் உரோமையில் அவர் புனிதரானார். உங்கள் குருவானவர் இயற்கையாக இறந்தவர் என்றால் அருளாளர் ஆக ஒன்று, அதன்பின் நடந்த இன்னொன்று என இரண்டு தேவை. இலங்கையில் மறைப்பணி செய்த யோசேப் வாஸ் அடிகளுக்கு இரண்டாவது புதுமையைத் திருத்தந்தை பிரான்சிஸ் தளர்த்தி, 2015இல் கொழும்பில் புனிதராக அறிவித்தார். அந்தச் சலுகை திருத்தந்தையின் கையில் மட்டுமே.

பங்குப்பேரவை_செயலர்:
தேர் ரத்து. பிளக்ஸ் அச்சாகி வந்துவிட்டது. ஒளிவட்டத்தின்மேல் தாள் ஒட்டி மறைத்தால் போதுமா?

திருச்சட்டம்_படித்தவன்:
பெயருக்கு முன்னால் ‘புனித’ என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் அதன்மேலும் ஒட்டுங்கள்.